பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரி

எங்கள் அப்பத்தா சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததே கிடையாது. விருதுநகரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பெண்களை அனுப்பமாட்டார்கள். தாத்தா மட்டும் போவார். இடைவேளையில் முறுக்குத் தட்டோடு சேர்த்துப் பாட்டுப் புத்தகமும் விற்பார்களே, அதில் ஒன்றை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வருவார். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்த அப்பத்தா, அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி அதை வாசிப்பாள். மெட்டு தெரிந்த பாட்டை முணுமுணுப்பாள். தெரியாத பாட்டுக்குத் தாலாட்டு மெட்டையோ கும்மி மெட்டையோ போட்டுக்கொள்வாள்.

அப்படிச் சேர்ந்த புத்தகங்களைச் சாக்குத் தைக்கும் சணலால் கோத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மழை நாளில் அதை எடுத்து எனக்குக் கதை சொல்வாள். கதை உச்சத்துக்கு வரும் இடத்தில் புத்தகம் நின்றுவிடும். அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் அப்படித்தான் முடியும்: மீதியை வெள்ளித் திரையில் காண்க.

“கடைசியில என்ன ஆச்சு அப்பத்தா?” என்பேன்.

“அதான் போட்டிருக்கானேத்தா, மீதி வெள்ளித் திரையிலன்னு. வெள்ளித் திரைய நான் எங்கிட்டுக் கண்டேன்? நானே ஒரு முடிவு கட்டி வச்சுக்கிட்டேன்” என்பாள்.

இன்று நான் மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சி ஊடகம் படிக்கும் பிள்ளைகளுக்குத் திரைப்பட வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: “மேடம், முதல் தமிழ்ப் பேசும்படத்தைப் போட்டுக் காட்டுவீங்களா?”

காட்ட முடியாது. ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டு, 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. இயக்கியவர் எச். எம். ரெட்டி. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசர் கதைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை; நடுவில் கைராட்டையைப் போற்றி ஒரு பாட்டு வந்தது. இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தின் ஒரு சாண் சுருள்கூட நம்மிடம் இல்லை.

படம் இல்லாமலே அதைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்பதுதான் பிள்ளைகளின் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரைப் பற்றிப் பேசியாக வேண்டும். சு. தியடோர் பாஸ்கரன். அவரைப் புத்தகங்களின் வழியாக மட்டுமே எனக்குத் தெரியும். ஆனால் என் தொழிலில் நான் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் அவர் போட்ட தடம் இருக்கிறது.

அவர் பிறந்தது 1940-ல், தாராபுரத்தில். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்தார். பிழைப்புக்கு அவர் தேர்ந்தது அஞ்சல் துறை. இந்திய அஞ்சல் பணியில் பல ஊர்களில் அதிகாரியாக இருந்து, தமிழ்நாட்டின் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய ஒருவர், எந்தப் பல்கலைக்கழகமும் அப்போது மதித்துத் தொடாத ஒரு பொருளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதுதான் தமிழ் சினிமா.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் சினிமாவை எப்படிப் பார்த்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவதே சிரமம். ராஜாஜிக்குச் சினிமா என்றாலே ஆகாது. காங்கிரஸிலேயே தீரர் சத்தியமூர்த்தி போன்ற வெகு சிலர்தான் கூத்தாடி என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தோழர்களாக நடத்தினார்கள். வீட்டில் சினிமாப் பாட்டைப் பாடினால் அடி விழும். அப்படிப்பட்ட ஒன்றை வரலாற்றுச் சான்றாக மதித்து, ஒரு கல்வெட்டைப் படிப்பதுபோல் படிக்கலாம் என்று சொல்வதற்கே துணிவு வேண்டும்.

அவருடைய முதல் பெரிய நூல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’. 1981-ல் க்ரியா வெளியிட்டது. செய்தியைச் சுமந்து சென்றவர்கள் என்று பொருள். அஞ்சல்காரர் வைக்கக்கூடிய தலைப்புதான். 1880 முதல் 1945 வரை நாடக மேடையும் பாட்டும் திரைப்படமும் விடுதலை இயக்கத்தின் சேதியை எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதே அதன் விஷயம்.

அந்த நூலைப் பாடமாக நடத்தும்போது நான் எப்போதும் நாடக நடிகர் விசுவநாத தாஸிடம் போய் நிற்பேன். ‘வள்ளி திருமணம்’ நாடகம் எல்லோரும் அறிந்தது. தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டுகிறாள்; முருகன் வருகிறான். அந்த நாடகத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி தாஸ் ஒரு பாட்டுப் பாடுவார். கொக்கு எது என்று திடலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குடியானவனுக்கும் தெரியும். கடைசி வரிசையில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். தாஸ் பலமுறை கைதானார். சிறையிலிருந்து வந்த கையோடு மறுபடி மேடையேறிப் பாடினார். 1940-ன் கடைசி நாளில், சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இந்த வரலாறு நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பகுதி அரசாங்கக் கோப்புகளிலிருந்து. 1876-ன் நாடகச் சட்டம் எந்த நாடகத்தையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தடுக்க வேண்டுமானால் எதைத் தடுக்கிறோம் என்று எழுதிவைத்தாக வேண்டும். எந்த ஊரில் என்ன நாடகம், எந்தப் பாட்டு, யார் பாடினார் என்று அதிகாரிகள் எழுதி மேலே அனுப்பினார்கள். தடை செய்யப்பட்ட நூல்களையும் பாட்டுகளையும் பட்டியலிட்டுக் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டுகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. நாடகக்காரர்களின் குரலை அடக்கத் திறந்த கோப்பே, அந்தக் குரலைக் காப்பாற்றி வைத்த பெட்டியாகவும் ஆகிவிட்டது. அந்தக் கட்டுகளை அவிழ்த்து உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

படங்களுக்கும் இதே கதைதான். 1918-ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தது, தணிக்கை தொடங்கியது. 1927-ல் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய்க் கொட்டகைக்காரர்கள், படம் எடுப்பவர்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் என்று பலரிடம் சாட்சியம் வாங்கினார்கள். அந்தச் சாட்சியத் தொகுதிகள் இன்று மௌனப்பட ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம். டிக்கெட் என்ன விலை, தரையில் உட்கார்ந்தவர் யார், எந்தப் படத்துக்குக் கூட்டம் என்பதெல்லாம் கேள்வியும் பதிலுமாக இருக்கின்றன.

படங்கள் ஏன் அழிந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் அணைக்க முடியாது. தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பத்தில் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். ஓடி முடிந்த படத்துக்குச் சந்தை கிடையாது. சுருளில் இருந்த வெள்ளிக்காக அதை உருக்கியவர்கள் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-ல்தான். அதற்குள் தமிழ்ப் பேசும்படத்துக்கே முப்பது வயது தாண்டிவிட்டது.

தென்னிந்திய மௌனப்படங்களில் முழுதாகப் பிழைத்து நிற்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். 1930-களின் தொடக்கத்தில், சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி எடுத்தது. நாவலின் உரிமை பெற்றிருந்த புத்தக வெளியீட்டாளர் வழக்குப் போட்டார். படச்சுருள் பறிமுதலாகி அவர் கைக்கு வந்தது. பத்திருபது கொட்டகைகளில் ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய சுருள், ஓடாமல் கிடந்ததால் பிழைத்தது. பின்னாளில் புனே காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஒரு வழக்கு மட்டும் இல்லாதிருந்தால், நம் பக்கத்து மௌனப்படம் எப்படி இருந்தது என்று காட்ட நமக்குக் கையில் எதுவும் இருந்திருக்காது.

சுருள் இல்லாத இடத்தில் காகிதம்தான் கதி. ஆராய்ச்சியாளர் தேடிப் போவது நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், விமர்சனம், ஸ்டில் போட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டுப் புத்தகம். எங்கள் அப்பத்தா அடுப்படியில் வைத்துப் படித்த அதே பாட்டுப் புத்தகம். பாஸ்கரனின் தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘மீதி வெள்ளித் திரையில்’. நூலகத்தில் அந்த அட்டையை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். அப்பத்தாவின் வரி அது.

ஒரு பாட்டுப் புத்தகத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? என்னிடம் ஒன்று இருக்கிறது. ‘பக்த நந்தனார்’, 1935. நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், கே. பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைப் புடவை உடுத்தி ஒதுங்கியிருந்தவரை இந்தப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் இன்று இல்லை.

புத்தகத்துக்கு அட்டை போய்விட்டது. தாள் மக்கிப் பழுப்பேறி, புரட்டினால் ஓரம் உதிர்கிறது. முதலில் நடிகர் பட்டியல். இன்னார் இன்ன வேடம் என்ற அந்தப் பட்டியலை அக்கால நாடகக் கம்பெனி நோட்டீஸ்களோடு வைத்துப் பார்த்தால், மேடையிலிருந்து திரைக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரியும். பிறகு கதைச் சுருக்கம். அதன் மொழிநடை கதாகாலட்சேப நடை. சினிமாவுக்கென்று ஒரு எழுத்து இன்னும் பிறக்கவில்லை. பிறகு பாட்டுகள். கர்நாடக மேடையில் கேட்டுப் பழகியவை எவை, தெம்மாங்கு வாசனை உள்ளவை எவை என்று பிரித்தால், கொட்டகைக்கு யார் வருவார்கள் என்று படக்காரர்கள் எதிர்பார்த்தார்கள் என்பதை ஊகிக்கலாம். அச்சகம், விலை, விளம்பரம் எல்லாமே சான்றுதான். ஐம்பது படங்களின் புத்தகங்களை வரிசையாக வைத்தால், ஒரு சமூகம் எதைப் பார்த்து அழுதது, எதைப் பார்த்துச் சிரித்தது என்ற வரலாறு எழுந்து வரும்.

இதோடு பாஸ்கரன் நின்றிருந்தால் அவரை ஒரு நல்ல ஆவண வரலாற்றாளர் என்று சொல்லி முடித்துவிடலாம். படத்தைப் படமாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் விடாமல் சொன்னதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பாடம். நம் பேசும்படம் கம்பெனி நாடகத்தின் மடியில் வளர்ந்தது. நாடகத்தையே கேமரா முன் நடத்தினார்கள். கேமரா நாடகம் பார்க்க வந்த ஆள்போல ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பாட்டும் பின்னாளில் வசனமும் படத்தின் முதுகெலும்பாயின. விமர்சனம் எழுதியவர்களும் கதையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் எழுதினார்கள். ஒரு காட்சியின் வெளிச்சம், கேமராவின் தூரம், ஒரு ஷாட்டுக்கு அடுத்து இன்னொரு ஷாட் வந்து நிற்கும்போது பிறக்கும் அர்த்தம், இவற்றைப் பேச நம்மிடம் பழக்கமும் இல்லை, சொற்களும் போதவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கத்தான் ‘எம் தமிழர் செய்த படம்’ போன்ற நூல்களைத் தமிழிலேயே எழுதினார்.

1996-ல் வந்த அவருடைய ‘தி ஐ ஆஃப் தி சர்பென்ட்’ தமிழ் சினிமாவுக்கு ஓர் அறிமுக நூல். சிறந்த திரைப்பட நூலுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பிள்ளைகளிடம் நான் அந்த நூலைக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்வேன்: இவர் பறவை பார்ப்பவர், காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதுபவர், உல்லாஸ் காரந்தின் புலி நூலைக் ‘கானுறை வேங்கை’ என்று தமிழாக்கியவர். பறவை பார்ப்பவர் அலகின் வளைவு, இறக்கையின் பட்டை, உட்காரும் கிளையின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகுதான் பெயர் சொல்வார். அந்தப் பொறுமையோடு ஒரு படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் எழுத்தில் பார்க்கலாம். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு பிறகு வரும். என்ன இருக்கிறது என்ற கவனிப்பு முன்னால் வரும்.

அவர் தனியாளாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ வந்த அதே 1981-ல் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படம் எப்படி ஓர் அரசியல் ஊடகமாகியது என்று ஒரு நூல் எழுதினார். தமிழ்ச் சமூகத்தில் சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் கூடிய முதல் கலை இடம் சினிமாக் கொட்டகை என்று அவர் காட்டினார். 1992-ல் எம். எஸ். எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் திரை பிம்பம் எப்படி அரசியல் பலமாக மாறியது என்று ‘தி இமேஜ் டிராப்’ நூலில் ஆராய்ந்தார். பாஸ்கரனும் சிவத்தம்பியும் ஒரே ஆண்டில் ஒரே வாசலைத் திறந்தார்கள். இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் தமிழ் சினிமா பாடமாக இருக்கிறதென்றால் அந்த வாசல் வழியாகத்தான்.

ஓய்வு பெற்றதும் பாஸ்கரன் போய்ச் சேர்ந்த இடம் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் இயக்குநராக இருந்தார். அந்த நூலகத்தின் கதையும் ஒரு தனிமனிதரின் கதைதான். கோட்டையூர் முத்தையா செட்டியார் சென்னையில் ‘ரோஜா’ என்ற பெயரில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடத் தொடங்கி, வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அறிவாளிகள் மதித்த நூலோடு நோட்டீஸ், குஜிலிப் பாட்டு, நாடகப் புத்தகம், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என எதையும் அவர் கழித்துக்கட்டவில்லை. 1992-ல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைச் சிதறாமல் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. இன்று தரமணியில் அது இருக்கிறது. என் மாணவர்களை ஆண்டுக்கொரு முறை அங்கே கூட்டிப்போகிறேன். ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அவர்கள் குரல் தானாகத் தணியும்.

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பத்தா இறந்த வருடம் நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பெட்டியில் கிடந்த காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அது குப்பை என்றே எல்லோரும் நம்பினோம். சணல் அறுந்து தனியாகக் கழன்று, பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு புத்தகம் மிஞ்சியது. அதுதான் நான் சொன்ன ‘பக்த நந்தனார்’.

அதைப் பல வருடம் நான் சான்றாகவே பார்க்கவில்லை. அப்பத்தாவின் ஞாபகமாக வைத்திருந்தேன். பாஸ்கரனைப் படித்த பிறகுதான், ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக, விளம்பரம் முதல் ஓரம் வரை பார்க்க உட்கார்ந்தேன். கதைச் சுருக்கம் முடியும் இடத்தில், அந்தக் கடைசி வரிக்குக் கீழே, பென்சிலில் கோணல் எழுத்து. எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது:

“நந்தன் நெருப்பில் இறங்கவில்லை. வாசல் வழியா நடந்து போய் சாமியைப் பார்த்தார்.”

நந்தனார் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தீயில் மூழ்கித் தூய்மையாகித்தான் அவர் தில்லைக்குள் போக முடிந்தது என்பது புராணம். எங்கள் அப்பத்தா அதை ஏற்கவில்லை. படம் வந்தது 1935-ல். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அந்தச் சேதி காதில் விழுந்தபின் எழுதினாளா, அதற்கு முன்பே அவள் மனசில் பட்டதா என்று பென்சில் கோடு சொல்லாது. ஆனால் கொட்டகைக்குப் போக அனுமதி இல்லாத ஒரு பெண், பார்க்காத ஒரு படத்துக்குத் தன் நியாயப்படி முடிவு எழுதினாள் என்பதை அது சொல்கிறது. சுருள் போய்விட்டது. அந்த முடிவு இருக்கிறது.

இந்த ஆண்டு முதல் வகுப்பில் வழக்கம்போல ஒரு பெண் எழுந்து, முதல் பேசும்படத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டாள். “நாளைக்கு வரும்போது உங்க வீட்டுப் பரண்ல, பீரோவுல, பெட்டியில இருக்கிற பழைய காகிதம் ஏதாவது ஒண்ணு எல்லாரும் கொண்டு வாங்க. அதுல இருந்து ஆரம்பிப்போம்” என்றேன். பிறகு அப்பத்தாவின் புத்தகத்தை மேஜைமேல் விரித்து, பென்சில் எழுத்துள்ள பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னேன்.